தன் தலைக்குத் தானே மின்சாரம்: அறிவு என்னும் அமானிதம்

 



மிம்பரில் நீங்கள் அதிகம் கேட்டிராத ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறோம். மூளைக்கு லேசாக மின்சாரம் கொடுத்தால் மனச்சோர்வு போகும், ஞாபக சக்தி கூடும் என்று படித்துவிட்டு, டாக்டர் யாரும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து தம் தலையிலேயே அதைச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பத்து வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது. செல்போன் இருக்கும் எல்லா ஊருக்கும் இப்போது அந்தச் செய்தி வந்துவிட்டது. "ஹள்ரத், இது கூடுமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

கூடும், கூடாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. அல்லாஹ் நமக்குத் தந்த அறிவின் மீது நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? அதை நாமே பழுது பார்க்கலாமா? பழுது சரியாகிவிட்டது என்று யார் சொல்வது?

விஷயம் என்ன?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். மருத்துவமனையில் 'ஷாக் ட்ரீட்மென்ட்' என்று ஒன்று கொடுக்கிறார்கள். 1938-ல் ரோம் நகரத்தில் தொடங்கிய சிகிச்சை அது. இன்று மயக்க மருந்து கொடுத்து, டாக்டர்கள் பக்கத்தில் நின்று செய்கிறார்கள். அதில் பாயும் மின்சாரம் சுமார் 800 மில்லி ஆம்பியர். கடுமையான மனச்சோர்வுக்கு அது நல்ல பலன் தருகிற சிகிச்சை. நாம் பேசுவது அதைப் பற்றி அல்ல.

வீட்டில் செய்கிறார்களே, அது வேறு. டிடிசிஎஸ் என்று அதற்குப் பெயர். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்து, பேட்டரியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மின்சாரத்தை இருபது நிமிடம் வரை பாய்ச்சுவது. இதில் வலிப்பு வராது, மயக்கம் வராது. தோலில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு இருக்கும், அவ்வளவுதான். 2000-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் நிட்சே, பவுலஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இவ்வளவு சிறிய மின்சாரமே மூளையின் ஒரு பகுதி எளிதில் விழித்தெழும் தன்மையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் அது நீடிக்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுவதும் ஆய்வுகள் பெருகின.

ஆய்வுக்கூடத்தில் இருந்தது வீட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. ஏனென்றால் கருவி எளிது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் வயர், ஸ்பாஞ்ச். 2013-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கென்றே ஒரு ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. வாங்க முடியாதவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்.

மனிதனுக்கு இது புதிய ஆசை அல்ல

அருமையானவர்களே! கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்பவர், தீராத தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனை உயிரோடு தலையில் வைக்கச் சொன்னார். நைல் நதியில் அப்படி அதிர்ச்சி கொடுக்கும் கெளுத்தி மீன் ஒன்று உண்டு. அரபியில் அதற்கு 'ரஅஆத்' என்று பெயர். 'ரஅத்' என்றால் இடி.

1801-ல் இத்தாலியின் பொலோனா நகரத்தில் ஜியோவானி அல்தினி என்ற அறிஞர், ஆழ்ந்த சோகத்தில் மூழ்கியிருந்த 27 வயது விவசாயி ஒருவருக்குத் தலையில் மின்சாரம் கொடுத்தார்; அவர் தேறினார் என்று எழுதி வைத்தார். அதே அல்தினி தம் தலையிலும் அதை வைத்துப் பார்த்தார். பல நாட்கள் தூக்கம் வரவில்லை என்று அதையும் எழுதியிருக்கிறார்.

ஆக, மனத்தின் பாரத்தை ஒரு கருவியால் இறக்கி வைத்துவிட முடியாதா என்று மனிதன் இரண்டாயிரம் வருடமாகத் தவிக்கிறான். அந்தத் தவிப்பைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல், காரணம் தெரியாமல் நெஞ்சு கனத்து உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் அதன் வேதனை தெரியும். தலைவலியும் காய்ச்சலும் அவரவருக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அவசரப்பட்டு ஹராம் என்று சொல்லலாமா?

புதிதாக எது வந்தாலும் உடனே ஹராம் என்று சொல்லிவிடுவது சிலருக்குப் பழக்கம். வரலாற்றில் அதற்கு ஒரு பாடம் இருக்கிறது. யமன் நாட்டு சூஃபியாக்கள் இரவில் திக்ருக்காக விழித்திருக்கக் காப்பி குடித்தார்கள். அது மக்காவுக்கு வந்தது. 1511-ல் அங்கே அதிகாரியாக இருந்த கைர் பேக், ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பி கூடாது என்று தடை போட்டார். அந்தத் தடை நிலைக்கவில்லை. கெய்ரோவிலிருந்த ஆட்சியே அதைத் தளர்த்திவிட்டது. இன்று அந்த மக்காவிலேயே காப்பி கொடுத்துத்தான் விருந்தாளியை வரவேற்கிறார்கள்.

ஆகவே மின்சாரம் என்பதாலோ, மூளை என்பதாலோ, வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதாலோ ஒன்று ஹராம் ஆகிவிடாது. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளும்படி நமக்குச் சொன்னார்கள். அல்லாஹ் நோயை இறக்கியிருக்கிறான் என்றால் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று கற்றுத் தந்தார்கள். உடல் நோய்க்கு ஒரு சட்டம், மன நோய்க்கு ஒரு சட்டம் என்று அதில் பிரிவு இல்லை.

தகுதியுள்ள மனநல மருத்துவர் ஒருவர், ஒரு நோயாளியைப் பரிசோதித்து, இந்த மின்தூண்டலைச் சிகிச்சையாகக் கொடுத்தால் அதில் மார்க்கத்துக்கு எந்த மறுப்பும் இல்லை. அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது?

ஆய்வுகள் சொல்வது என்ன?

கேட்கிறவர்கள் படித்த பிள்ளைகள். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2017-ல் பிரேசில் நாட்டில் மனச்சோர்வு உள்ள 245 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. சிலருக்கு மாத்திரை, சிலருக்கு மின்தூண்டல், சிலருக்கு இரண்டும் போலி. மின்தூண்டல் போலியைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் மாத்திரைக்கு நிகரானது என்று நிரூபணம் ஆகவில்லை. மின்தூண்டல் பெற்றவர்களில் இரண்டு பேருக்கு, முன்பு இல்லாத 'மேனியா' என்ற மனஎழுச்சி நோய் புதிதாக வந்தது. இந்த இரண்டு பேரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடம் திரும்பி வருவோம்.

வீட்டிலேயே வைத்துச் செய்கிற மின்தூண்டலைப் பற்றி 2024-ல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 174 பேரிடம் நடந்ததில், பத்து வாரத்தில் உண்மையான கருவி வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேருக்கு நோய் தணிந்தது. போலிக் கருவி வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 22 பேருக்குத் தணிந்தது. பிரேசிலில் 210 பேரிடம் நடந்த மற்ற ஆய்விலோ உண்மைக் கருவிக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வீடு என்றாலும் இந்த ஆய்வுகளில் நோயாளியைத் தனியே விட்டுவிடவில்லை. ஆட்களைப் பரிசோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள், தொடர்ந்து கண்காணித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 22 பேர். போலிக் கருவி என்றால் என்ன? தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும் மின்சாரம் ஓடும். தோலில் குறுகுறுப்பு வந்ததும் நின்றுவிடும். வைத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், மின்சாரமே ஓடாத கருவியை வைத்துக்கொண்டு நன்றாகிவிட்டார். காலம் குணப்படுத்தியிருக்கலாம், நம்பிக்கை, கவனிப்பு, ஒரு ஒழுங்கு குணப்படுத்தியிருக்கலாம். ஆகவே "என் நண்பன் செய்தான், அவனுக்குச் சரியாகிவிட்டது" என்ற சாட்சியத்துக்கு எவ்வளவு எடை என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

ஞாபக சக்திக்கு வருவோம். 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஓர் ஆய்வில், மூளையின் ஓர் இடத்தைத் தூண்டியபோது புதிய எண் குறிகளைக் கற்பது வேகமானது. ஆனால் கற்றதை யோசிக்காமல் சரளமாகப் பயன்படுத்தும் திறன் குறைந்தது. வேறோர் இடத்தைத் தூண்டியபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. 2016-ல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள், கடையில் விற்ற ஒரு ஹெட்செட்டையே வாங்கிச் சோதித்தார்கள். கூடவேண்டிய நினைவுத்திறன், அந்தச் சோதனையில் குறைந்துதான் போனது.

அதே 2016-ல், இந்தத் துறையிலேயே வேலை செய்கிற அமெரிக்க ஆய்வாளர்கள், வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சக ஆய்வாளர்கள் பலர் அதில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் இந்தச் சிகிச்சையின் எதிரிகள் அல்ல; அதிலேயே வாழ்கிறவர்கள். ஸ்பாஞ்ச் வைத்த இடத்தில் மட்டும் மின்சாரம் நிற்பதில்லை, மூளையில் நீங்கள் நினைக்காத இடங்களுக்கும் பரவுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறுகிறது. ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுகிறது. ஒன்று கூடினால் இன்னொன்று குறையலாம். ஏற்பட்ட மாற்றம் நீண்ட நாள் நிலைத்துவிடலாம். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். ஸ்பாஞ்ச் காய்ந்துபோனால் தோல் வெந்துபோகும் என்பது தனி.

கோபத்தில் இருக்கும் காழி

கண்ணியமானவர்களே! இங்கேதான் இன்றைய பேச்சின் மையம் இருக்கிறது.

கோபமாக இருக்கும்போது காழி இரண்டு பேருக்கிடையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். நம் ஃபுகஹாக்கள் இதை ஆராய்ந்து, கோபம் மட்டும் அல்ல, கடும் பசி, தூக்கக் கலக்கம், பெரும் துக்கம் என்று சிந்தனையைக் கலைக்கும் எதுவும் இதே சட்டத்தில் அடங்கும் என்றார்கள். ஏன்? அந்த நேரத்தில் காழி கெட்டவராகிவிட்டார் என்பதால் அல்ல. தீர்ப்புச் சொல்லும் கருவியே அப்போது நிதானத்தில் இல்லை. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், கோபத்தில் இருப்பவருக்குத் தம் கோபம் நியாயமாகவே தோன்றும்.

இப்போது வீட்டில் தலைக்கு மின்சாரம் வைத்துக்கொள்பவரைப் பாருங்கள். நோயாளி அவரே. மருத்துவர் அவரே. பலன் கிடைத்தது என்பதற்குச் சாட்சியும் அவரே. தொடரலாமா, நிறுத்தலாமா என்று தீர்ப்புச் சொல்லும் காழியும் அவரே. தன் வழக்கில் தானே சாட்சி சொன்னால் நம் ஷரீஅத்தில் ஏற்பதில்லை. இங்கே அதைவிடவும் மேலே போகிறது. எந்த மூளை தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ, அந்த மூளையைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்.

காலில் புண் வந்து நீங்களே மருந்து போட்டால், ஆறியதா என்று கண் பார்க்கும், அறிவு சொல்லும். அறிவிலேயே கை வைத்தால் எது பார்க்கும், எது சொல்லும்? துணியை அளக்கும் கோலையே வளைத்துவிட்டு, "துணி நீளமாகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டால் எப்படி?

அந்த இரண்டு பேரிடம் இப்போது திரும்புங்கள். மேனியா வந்தவர் எப்படி இருப்பார்? தூக்கம் வேண்டாம், களைப்பு இல்லை, ஆயிரம் யோசனை, கையில் இருப்பதையெல்லாம் செலவழிப்பார். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்று சொல்லக்கூடும். ஆய்வில் இருந்ததால் அது நோய் என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் இருந்தார்கள். அறைக்குள் தனியாக இருந்திருந்தால்? வெற்றி என்று எழுதி வைத்துக்கொண்டு, மறுநாளும் கருவியை எடுத்திருப்பார். தன் முதுகு தனக்குத் தெரியாது.

ஒருவர் கேட்கலாம்: "ஹள்ரத், டாக்டர் கொடுக்கிற மாத்திரையும் மூளையைத்தானே மாற்றுகிறது?" நல்ல கேள்வி. ஆமாம், மாற்றுகிறது. அதனால்தான் மருத்துவர் மறுபடியும் வரச் சொல்கிறார். "தூக்கம் எப்படி? கோபம் வருகிறதா?" என்று கேட்கிறார். கூட வந்த மனைவியிடமும் தாயிடமும் விசாரிக்கிறார். மாத்திரைக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் இல்லை நாம் பேசுவது. இன்னொரு கண் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

தன் மீதே சோதித்த அறிஞர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 1984-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், வயிற்று நோய்க்கு ஒரு கிருமிதான் காரணம் என்று காட்ட அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். வயிற்றில் அழற்சி வந்தது. 2005-ல் ராபின் வாரன் என்பவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் செய்தது சரி, நாங்கள் செய்தால் தவறா என்று கேட்கிறார்கள்.

அவர் செய்ததை எல்லாரும் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. அது இருக்கட்டும். அவர் சோதித்தது வயிற்றை. உள்ளே குழாய் விட்டுச் சதையை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். "எனக்கு வயிறு சரியில்லை போலத் தெரிகிறது" என்ற அவருடைய எண்ணத்தை யாரும் ஆதாரமாக எடுக்கவில்லை. பிறர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. அவருடைய அறிவு அந்தச் சோதனைக்கு வெளியே இருந்தது. மூளையைத் தூண்டிக்கொள்பவருக்கு அப்படி வெளியே நிற்க இடம் இல்லை.

"என் தலை, என் உரிமை"

இப்படியும் ஒரு வாதம் உண்டு. "யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. என் பணம், என் தலை."

ஷரீஅத் காக்க வந்த ஐந்து விஷயங்களை நம் உலமாக்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள்: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள். அறிவு அதில் தனி இடம் பெற்றிருக்கிறது. மது ஏன் ஹராம்? அறிவை மூடுவதால். 'கம்ர்' என்ற சொல்லிலேயே மூடுதல் என்ற பொருள் இருக்கிறது. புத்தி தெளியாதவன் மீது தொழுகை கடமை இல்லை; அவன் செய்யும் வியாபார ஒப்பந்தம் செல்லாது. மனிதனை அல்லாஹ் கேள்வி கேட்பதே இந்த அறிவை வைத்துத்தான். அப்படிப்பட்ட ஒன்று நமக்குச் சொத்தாகத் தரப்படவில்லை, அமானிதமாகத் தரப்பட்டிருக்கிறது. அமானிதமாக வந்த பொருளைப் பாதுகாக்கலாம், பழுதானால் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரி செய்யலாம். "என்ன ஆகிறது பார்ப்போம்" என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அது மட்டும் அல்ல. உங்கள் மனநிலை உங்களுக்கு மட்டும் சொந்தமா? எரிச்சல் கூடினால் அதை முதலில் சுமப்பவள் மனைவி. தூக்கம் கெட்டால் அதன் விளைவைக் காண்பது பிள்ளைகள். மருத்துவம் தெரியாதவர் மருத்துவம் செய்து கெடுதல் நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. தம் பிள்ளைக்குப் பரீட்சையில் மார்க் கூட வேண்டும் என்று ஒரு தகப்பனார் இதை அந்தப் பிள்ளையின் தலையில் வைத்தால், அவர் இந்தப் பொறுப்புக்குள் நேராக வந்து விழுகிறார். வளர்கிற மூளை அது. சொல்லிக்கொள்ளத் தெரியாத வயது.

ஞாபக சக்திக்கு வழி இல்லையா?

ஹிஃப்ளு மதரஸாவில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் கவனியுங்கள். குர்ஆனைத் தொடர்ந்து கவனித்து வராவிட்டால், கட்டு அவிழ்ந்த ஒட்டகத்தைவிட வேகமாக நெஞ்சிலிருந்து ஓடிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவைக்க ஒரே கயிறுதான்: திரும்பத் திரும்ப ஓதுவது. புதுப் பாடம், நேற்றைய பாடம், பழைய பாடம், தவ்ர் என்று உஸ்தாதுமார்கள் வைத்திருக்கும் ஒழுங்கு காலத்தால் சோதிக்கப்பட்டது. நாள் விட்டு நாள் திரும்பப் படிப்பதும், படித்ததைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதும்தான் நினைவில் நிற்கும் என்று இன்றைய மனவியல் ஆய்வுகளும் உறுதியாகச் சொல்கின்றன.

அதோடு தூக்கம். பகலில் கற்றதை மூளை உறக்கத்தில்தான் பதிய வைக்கிறது. இரவு ஒரு மணி வரை செல்போனைத் தடவிவிட்டு, ஞாபக சக்திக்குக் கருவி தேடுவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துவது போன்றது.

துக்கம் எல்லாம் நோயா?

மனநிலை விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தில் அழுது கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆன் சொல்கிறது. நம் நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். அவர்களுக்கு ஈமான் குறைவா? நஊது பில்லாஹ். அது அன்பு. அன்பு இருக்கும் இடத்தில் இழப்பு வந்தால் துக்கம் வரும். அப்படிப்பட்ட துக்கத்தை ஒரு பொத்தானை அழுத்தி அணைத்துவிட வேண்டியதில்லை. அதற்குப் பொறுமையும், துஆவும், தோள் கொடுக்க ஆளும் வேண்டும்.

ஆனால் எல்லாத் துக்கமும் அப்படி அல்ல. கி.பி. 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல்நலம் மனநலம் இரண்டையும் சேர்த்து 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று ஒரு நூல் எழுதினார். அதில் துக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் மனிதனை அழுத்தும் துக்கம் இன்னொன்று. இரண்டாவதன் வேர் உடம்பிலும் இருக்கலாம், அதற்கு உடல் வழியாகவும் மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால்! 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பீமாரிஸ்தான் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனி இடம் இருந்தது. அதை நடத்தியது வக்ஃபு சொத்து. அதாவது, மனநோயாளியைக் கவனிப்பது அன்று ஸதகா ஜாரியா.

ஏன் தனியாகச் செய்கிறார்?

இப்போது, கேள்வி கேட்ட இளைஞரை விட்டுவிட்டு, ஜமாஅத்தைப் பார்த்துப் பேசுகிறேன்.

ஒருவர் ஏன் டாக்டரிடம் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு தலையில் வயரை வைக்கிறார்? செலவு ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வெட்கம். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் 'பைத்தியம்' என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். வாய்விட்டுச் சொன்னால், "உனக்கு ஈமான் பத்தாது, ஒழுங்காகத் தொழு" என்று ஒருவர் சொல்வார். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்று இன்னொருவர் சொல்வார். ஓதிப் பார்ப்பது நல்லது. ஷிஃபா அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் ஓதுவதை மருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், மருந்தை விரட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளியை ஈமான் குறைவு என்று யாரும் சொல்வதில்லையே!

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். குளிப்பு கடமையாகிவிட்டது. "நான் தயம்மும் செய்துகொள்ள அனுமதி உண்டா?" என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்டு நபி (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தினார்கள். அவர்கள்தான் அந்த மனிதரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேள்விதானே மருந்து என்ற கருத்தில் சொன்னார்கள்.

இந்த ஹதீஸில் இரண்டு பாடம். தலையில் காயம் பட்டவருக்கு ஒரு பாடம்: தெரிந்தவரைக் கேள். சுற்றி இருப்பவர்களுக்கு அதைவிடக் கடுமையான பாடம்: தெரியாமல் வாயைத் திறக்காதே. கண்ணுக்குத் தெரிந்த காயத்துக்கே இவ்வளவு என்றால், கண்ணுக்குத் தெரியாத காயத்தோடு ஸஃப்பில் நம் தோளை ஒட்டி நிற்கிறவருக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

சுருக்கமாகச் சட்டம்

ஒன்று: தகுதியுள்ள மருத்துவரின் கண்காணிப்பில், நோய்க்குச் சிகிச்சையாக மூளை மின்தூண்டல் பெறுவது கூடும்.

இரண்டு: மருத்துவர் இல்லாமல், கண்காணிக்க ஆள் இல்லாமல், தன் மூளையில் தானே சோதித்துப் பார்ப்பது அமானிதத்தைப் பணயம் வைப்பது. அதை விட்டுவிட வேண்டும். இப்போது செய்துகொண்டிருப்பவர் பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நிறுத்திவிட்டு, என்ன செய்தோம், எத்தனை நாள் செய்தோம் என்று மருத்துவரிடம் உள்ளபடி சொல்லட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லட்டும்.

மூன்று: ஆரோக்கியமான ஒருவர் பரீட்சைக்காகவோ, கூடுதல் திறமைக்காகவோ இதைச் செய்வது இன்னும் பலவீனமான நிலை. நோயாளிக்காவது ஒரு தேவை இருக்கிறது. இவர், கையில் இருக்கும் நலத்தைக் கொடுத்துவிட்டு, உறுதியில்லாத ஒன்றை வாங்குகிறார்.

நான்கு: பிள்ளைகள் மீது, முதியவர்கள் மீது, யார் மீதும் வீட்டில் இதைச் செய்யக் கூடாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல உதவி 2022-லிருந்து இருக்கிறது. தமிழிலும் பேசலாம். வெளியே போக வெட்கப்படுகிறவர் முதல் அடியாக அதை எடுக்கட்டும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம், கொஞ்ச நாளாக முகம் வாடியிருக்கும் ஒருவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். உபதேசம் செய்ய வேண்டாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூடவே போங்கள். வரவேற்பறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் நோயாளியை நலம் விசாரிக்கும் நன்மைதான்.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் எங்களைப் பாதுகாப்பாயாக! நீ தந்த அறிவை எங்கள் இறுதி மூச்சு வரை தெளிவாக வைத்திருப்பாயாக! மனத்தில் காயம் சுமப்பவர்களுக்குப் பரிபூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்கள் வாய்திறந்து சொல்லும்போது பொறுமையோடு கேட்கும் காதுகளையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாவுகளையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன். வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.